ஏழுமலைக்குக் காய்ச்சல் இல்லை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனதற்கு மோர்க்குழம்பு காரணமில்லை. உன் மனைவி இரண்டு முறை உள்ளே வந்து, உப்பு ஜாஸ்தியா அத்தை என்று கேட்டுவிட்டாள். பாவம், அவள் மேல் பழி போகக் கூடாது. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. நீ பேசிய பேச்சுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கரியாலூருக்கு மேலே மலை ஆஸ்பத்திரிக்கு டாக்டராகப் போகப் போகிறாய். ஆர்டரைக் காட்டிய கையோடு, இதுவரை வேலை பார்த்த இடத்தில் கம்ப்யூட்டரில் எப்படி எழுதுவீர்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். "கூட்டம் ஜாஸ்தியா இருந்தா இன்னாம்மா பண்றது? மொத ஆளுக்குக் காய்ச்சல்னு போட்டுட்டு, அதையே காப்பி பண்ணி அடுத்த ஆளுக்கு ஒட்டிக்கினு போயிடுவோம். எவன் பாக்கப்போறான்?" என்றாய். உனக்கு அது கதை. எனக்கு அந்த நிமிஷம் உன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் பெயர் ஏழுமலை. அவரைப் பற்றி உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. சொல்லாமலே உன் அப்பாவையும் அனுப்பி வைத்துவிட்டேன்.

நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ நடுவில் கேள்வி கேட்பாய். கேள்வி கேட்டால் நான் மழுப்பிவிடுவேன். ஒரு தடவை மழுப்பியவளுக்கு மறுபடி மழுப்புவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீ மலைக்குப் போகும் முன்பே படித்துவிடு. படிக்கும்போது என்னை நல்லவளாக்க முயற்சி பண்ணாதே. பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது உன் டீச்சர், வகுப்பில் பேச மாட்டேன் என்று நூறு தடவை எழுதி வரச் சொன்னாள். நீ முதல் வரியை மட்டும் முழுசாக எழுதிவிட்டு, கீழே வரிசையாக இரண்டிரண்டு குட்டிக் கோடாகப் போட்டு வைத்திருந்தாய். மேலே உள்ளதேதான் என்பதற்குப் போடுவோமே, அந்தக் கோடு. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நோட்டைப் பார்த்தேன். பார்த்ததும் உன் கன்னத்தில் அறைந்தேன். விரல் பதிந்தது. உன் அப்பா ஓடி வந்து உன்னை இழுத்துக்கொண்டார். "கோடு போட்டதுக்கா புள்ளைய இப்டி அடிப்ப? உனக்கு இன்னா பேயா புடிச்சிருக்குது?" என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். நீ எனக்கு மளிகை லிஸ்ட் எழுதித் தரும்போதெல்லாம் கிண்டல் பண்ணுவாய். துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுத்தம்பருப்பு ஒரு கிலோ, கடலைப்பருப்பு ஒரு கிலோ என்று ஒவ்வொன்றையும் முழுசாக எழுதச் சொல்வேன் அல்லவா? அம்மாவுக்கு மை ஓசியில் வருகிறது என்பாய். வேலையில் இருந்த இடத்திலும் எனக்கு நீட்டெழுத்து சிஸ்டர் என்று பெயர். எல்லாரும் அதை என் ஒழுங்கு என்று நினைத்தார்கள். அது ஒழுங்கு இல்லை, தம்பி. பயம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. மலையடிவாரத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் வேலை. நாலு கட்டில், ஒரு டாக்டர். அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போவார். இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த காலம். அந்த வாரம் ரோட்டோரத்துப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. பால்காரன்கூட வயல் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். போராடியவர்கள் யாரோ இல்லை, நம் சனம்தான். உன் மாமாவும் அதில் போய் உட்கார்ந்தவன். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அவர்கள் அப்படி ரோட்டில் கிடந்ததால் வந்த இடத்தில்தான் நீ டாக்டருக்குப் படித்தாய். அதை நீ மறந்துவிடக் கூடாது.

டாக்டர் வர முடியாமல் போன இரண்டாவது நாள் காலை, போலீஸ் தடியடி நடந்தது. கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். முதுகில் வீங்கியவர்கள், முழங்கை பிய்ந்தவர்கள், நொண்டிக்கொண்டு வந்தவர்கள். எல்லாருக்கும் முன்னால் உன் மாமா, புருவத்துக்கு மேலே ரத்தத்தோடு. நான் நோட்டை எடுத்துப் பெயர் எழுதினேன். என்ன நோய் என்ற இடத்துக்கு வந்ததும் அவன் என் கையைப் பிடித்தான். "ஏ பாப்பா, காயம்னு எழுதிடாத. ஏட்டு நாளைக்கி வந்து நோட்டப் பாப்பாரு. காயம்னு இருக்கறவன் வூட்டுக்கெல்லாம் வண்டி வருதாம். காய்ச்சல்னு போட்டுடு" என்றான். அவன் சொன்னது சரிதான். காயம் என்றால் தனியாக ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், ஸ்டேஷனுக்குத் தகவல் போக வேண்டும். எப்படி நடந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மாமாவுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். அதற்குக் கீழே பத்துப் பேர். பத்துப் பேருக்கும் இரண்டிரண்டு கோடு. சுத்தம் பண்ணி, கட்டுப் போட்டு, தையல் போடத் தெரிந்த அளவுக்குப் போட்டு, பின்பக்கமாக வயல் வழியே அனுப்பிவிட்டேன். ஒரு கிழவர் கும்பிட்டு, நீ நல்லா இருப்பம்மா என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது. ஏதோ நானே ரோட்டில் போய் உட்கார்ந்தது போல இருந்தது.

பன்னிரண்டாவதாக வந்தவர்தான் ஏழுமலை. மலைக்காரர். சாமை மூட்டையோடு இறங்கி வந்திருந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும். கூட அவர் மனைவி பச்சையம்மா, இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. காதுக்குப் பின்னால் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம், ரத்தம் இல்லை. வரும் வழியில் ஒரு தடவை வாந்தி. "வழுக்கி வுழுந்துட்டாரும்மா" என்றாள் பச்சையம்மா. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நெசமாலுமே வுழுந்துட்டாரு நர்சம்மா. ரோட்டுல போட்ட மரத்து மேல ஏறித் தாண்டிக்கினு வந்தாரு. மூட்ட ஒரு பக்கம் சாஞ்சிடுச்சி, கல்லு மேல போயி வுழுந்தாரு" என்றாள். "சரி சரி, எல்லாரும் அங்கதான் வுழுந்தாங்க" என்றேன். அவளுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. ஏழுமலை நன்றாகத்தான் பேசினார். மூட்டை ரோட்டிலேயே கிடக்கிறது, யாராவது எடுத்துவிடுவார்கள் என்று அதே கவலை. வாந்தி எடுத்த ஆள் மலை ஏற முடியாது, ஒரு நாள் இருக்கட்டும் என்று கட்டிலில் படுக்க வைத்தேன். நோட்டில் பெயர், ஊர், வயது. நோய் என்ற இடத்தில் இரண்டு கோடு. யோசிக்கவே இல்லை. அவர் கேட்கவும் இல்லை. பதினோரு பேருக்குச் செய்த தர்மத்தைக் கை தானாகப் பன்னிரண்டாவது ஆளுக்கும் செய்துவிட்டது.

டாக்டர் வந்ததும் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். டாக்டர் வரவில்லை. மத்தியானம் எனக்கு டூட்டி முடிந்தது. அடுத்து வந்த சிஸ்டர் நல்லவள், வேலை தெரிந்தவள். நோட்டைப் பார்த்தாள். காய்ச்சல், மலையிலிருந்து வந்த ஆள். மலேரியா மாத்திரை கொடுத்தாள், போர்த்திவிட்டாள், நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் எழுதியதை நம்பினாள், அவ்வளவுதான். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் நம்புவதற்குத்தானே நோட்டே இருக்கிறது. மறுநாள் காலை நான் போனபோது ஏழுமலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அது தூக்கம் இல்லை, தலைக்குள் ரத்தம் கட்டி நினைவு தப்பிய குறட்டை. நீ படித்தவன், உனக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. பச்சையம்மா மட்டும், "எப்பவும் கொறட்ட வுட மாட்டாரே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்து மணி வாக்கில் டாக்டர் வந்துவிட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில், ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தூக்கித் தாண்டி வைத்து, சட்டையெல்லாம் நனைந்து வந்தார். நேராகக் கட்டிலுக்குப் போனார். கண்ணைத் திறந்து பார்த்தார், நோட்டைக் கேட்டார். நோட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏட்டுவின் மடியில் இருந்தது. உன் மாமா சொன்னபடியே காலையில் வந்துவிட்டார். விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்டார். "சிஸ்டர், நேத்து வரும்போது காய்ச்சல் எவ்ளோ இருந்துச்சி?"

தம்பி, அந்த இடத்தில் ஏழுமலை உயிரோடு இருந்தார். இதை நீ நன்றாகக் கவனித்துக்கொள். வார்டுக்கு வாசலே ஒழியக் கதவு கிடையாது. ஏட்டுவுக்கு என் பேச்சு கேட்கும். பன்னிரண்டாவது ஆளின் கோடு பொய் என்றால் மேலே உள்ள பத்துக் கோடும் பொய், எல்லாவற்றுக்கும் மேலே உன் மாமாவின் காய்ச்சலும் பொய். நான் வாயைத் திறந்தேன். "நூத்தி ரெண்டு சார்" என்றேன். தெர்மாமீட்டரை நான் அவருக்கு வைக்கவே இல்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது. டாக்டர் தலையை ஆட்டினார், மலைக்காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார், ஊசி போட்டார். என் நூற்றிரண்டை அவருடைய அழகான கையெழுத்தில் கேஸ் ஷீட்டில் எழுதினார். அதற்குப் பிறகு அது என் பொய் இல்லை, டாக்டர் எழுதிய உண்மை. பதினோரு பேருக்காகத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பாதி நிஜம். மீதி பாதி, வேலை போய்விடும் என்ற பயம்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே ஏழுமலை இறந்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்பாய். தெரியாது. தலையில் அடி என்று தெரிந்திருந்தால், மரம் வெட்டிய அதே பையன்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை அப்படித்தான் அதே வாரத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்திருப்பாரா, சேர்ந்தாலும் அங்கே என்ன செய்திருக்க முடியும், ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதுதான் என் தண்டனை.

உடம்பை எடுத்துப் போகும்போது ஏட்டு எழுந்து வந்து முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அடடே, இந்த ஆளா? நேத்து என் கண்ணு முன்னாலதான் மரத்தத் தாண்டறப்ப வுழுந்தான். நான்தான் தூக்கி நிறுத்தினேன்" என்றார். பச்சையம்மா சொன்னது அட்சரம் பிசகாத நிஜம். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் மறைக்க எதுவுமே இல்லை. அவருக்குச் சாட்சி, நான் யாருக்குப் பயந்து பொய் சொன்னேனோ அதே போலீஸ்காரர். இப்போதாவது அவர் வாயால் உண்மை வெளியே வந்துவிடும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? நோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஓ, காய்ச்சலா? அதான் தல சுத்தி வுழுந்திருக்கான், பாவம்" என்றார். கண்ணால் பார்த்தவர், தம்பி. கையால் தூக்கியவர். எழுத்தைப் பார்த்ததும் தன் கண்ணையே திருத்திக்கொண்டார். உன் கம்ப்யூட்டரைப் பற்றி நீ பேசியபோது எனக்கு இந்த ஏட்டுவின் முகமும் ஞாபகம் வந்தது. தப்பாக எழுதுவது ஒரு தப்போடு நிற்பதில்லை. அதற்குப் பிறகு வருகிற நிஜமெல்லாம் அதற்குத் தக்கபடி வளைந்துகொள்கிறது.

அதன் பிறகு மலைக்குக் கொசு மருந்து அடிக்கிறவர்கள் போனார்கள். ஏழுமலையின் ஊரில் வீடு வீடாகச் சுவரில் அடித்தார்கள், ஊர் முழுக்க விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்குப் பயம் வந்துவிட்டது. பச்சையம்மாவையும் குழந்தையையும் ஊருக்கு வெளியே ஆட்டுக் கொட்டகையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் வேட்டி, கம்பளி எல்லாவற்றையும் கொளுத்தச் சொன்னார்கள். இதையெல்லாம் மூன்று வருஷம் கழித்து அவளே வந்து என்னிடம் சொன்னாள். ஏதோ ஒரு சான்றிதழுக்காகக் கீழே இறங்கியவள், என்னைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "நர்சம்மா, அவருக்குக் காய்ச்சலே இல்லியேம்மா. நான் ராவெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு கெடந்தேன். ஒடம்பு சில்லுனு இருந்திச்சி. எப்டிம்மா காய்ச்சல்ல செத்தாருன்னு சொல்றாங்க?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்குது" என்றேன்.

அவள் குழந்தையின் கையைப் பிடித்தாள். பிறகு, "எழுதி வெச்சிருந்தா சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். தன் கையை அவள் நம்புவதை விட்டுவிட்டாள். அதையும் நான்தான் பிடுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குப் பூஜை அறையில் இரண்டு ஊதுவத்தி சேர்த்து ஏற்ற முடியாது. ஒன்று போதும், இல்லையென்றால் மூன்று. உன் அப்பா இதற்கு ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உன் மாமா மேல் கேஸ் எதுவும் இல்லாததால் அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. அவன் நல்ல மனிதன். உன்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். அந்தப் போராட்டத்தில் செத்தவர்கள் படத்துக்கு வருஷா வருஷம் மாலை போட்டுவிட்டு வருவான். அந்த வரிசையில் ஏழுமலை கிடையாது. எப்படி இருப்பார்? அவர்தான் காய்ச்சலில் செத்தவராயிற்றே.

எங்கள் நோட்டைப் பழைய கட்டோடு கட்டாகக் கரையான் தின்றுவிட்டது. ரிட்டயர் ஆவதற்கு முன்னால் தேடிப் பார்த்தேன், ஒரு அடித்தல் அடித்துத் திருத்திவிடலாம் என்று. மண்ணாகத்தான் இருந்தது. உங்களுடையதைக் கரையான்கூடத் தின்னாது. நீ மலையில் உட்கார்ந்து தட்டுவதைக் கள்ளக்குறிச்சியில் ஒருத்தர் பார்ப்பார், சேலத்தில் ஒருத்தர் பார்ப்பார். நோயாளி பேச முடியாமல் கிடக்கும்போது அவருக்குப் பதிலாக அதுதான் பேசும். ஆகவே உனக்குத் தெரியாதபோது தெரியவில்லை என்று எழுது. அதற்கு வெட்கப்படாதே, எனக்கு அந்த ஒரு வார்த்தை எழுத வந்திருந்தால் போதும். கூட்டம் வாசல் வரை நிற்கட்டும், திட்டட்டும். இரக்கப்பட்டும் பொய் எழுதாதே. இரக்கம்தான் ரொம்ப ஆபத்து, அது நம்மை நல்லவர் என்று நம்ப வைத்துவிடும். கூட வந்தவள், எப்பவும் இப்படிக் குறட்டை விட மாட்டாரே என்று சொன்னால், அவள் வார்த்தையிலேயே அதைத் தட்டி வை. தப்பாக எழுதிவிட்டாய் என்று தெரிந்தால் அன்றைக்கே உன் பெயர் போட்டுத் திருத்து. நாற்பது வருஷம் கழித்து உன் பிள்ளைக்குக் கடிதம் எழுதும்படி வைத்துக்கொள்ளாதே.

உன் ஆர்டரில் எந்தெந்தக் கிராமம் உன் ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தது என்று ஒரு பட்டியல் இருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஏழாவதாக இருப்பது ஏழுமலையின் ஊர். அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். உடம்புக்கு முடியவில்லை என்றால் உன்னிடம்தான் வருவாள், வேறு எங்கே போவாள். நீ வழக்கம் போலக் கேட்பாய், அப்பா எதனால் இறந்தார் என்று. "காய்ச்சல்ல சார்" என்பாள். அவளுக்கு அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதை அப்படியே தட்டிவிடாதே.

அவள் வருவதற்கு முன்னால் நானே வருகிறேன். முழங்கால் ஏறவிடாது, ஆனாலும் வருகிறேன். பஸ் போகிற வரை பஸ்ஸில், அதற்கு மேல் நீ கையைப் பிடித்துக்கொள். பச்சையம்மா இருந்தால் அவளிடம், இல்லையென்றால் மகளிடம் சொல்ல வேண்டும். அவர்கள் என்னை என்ன சொன்னாலும் நீ நடுவில் புகுந்து பேசக் கூடாது, டாக்டர் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் நீ படித்துக் காட்டு. பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் எழுது. தகப்பனார் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார், காய்ச்சல் இல்லை. சொன்னது யார் என்று கேட்டால், அன்று வேலையில் இருந்த நர்ஸ் என்று போட்டு என் பெயரை முழுசாக எழுது.

பச்சையம்மாவிடம் சொல்வதற்கு என்னிடம் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் கழித்து அவள் வந்து நின்ற அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றுதான் இருக்கிறது. வீக்கத்தைப் பார்க்கும்போது என் உள்ளங்கை அவர் நெற்றியில்தான் இருந்தது. சில்லென்றுதான் இருந்தது, பச்சையம்மா. நானும் தொட்டுப் பார்த்தேன்.

உன் அம்மா